ஓடும் வீட்டில் ஒரு மேஜை

பட்டாபிராமில் மலை கிடையாது, கடல் கிடையாது, யாத்திரிகர்கள் படம் பிடித்துக்கொண்டு போகத் தக்க அரண்மனையும் கிடையாது. சென்னையிலிருந்து திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் போகிறவர்கள், ஆவடியைத் தாண்டியதும் ஜன்னல் வழியாக இவ்வூரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கப் போய்விடுவார்கள். ஆனால் ரயில் பாக்கியத்தில் மட்டும் எங்கள் ஊர் யாருக்கும் இளைத்ததல்ல. 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் புறப்பட்டதே, தென்னிந்தியாவின் முதல் ரயில், அது இந்த வழியாகத்தான் போயிற்று. இன்று மின்சார ரயில்கள் ஓடுகின்றன. மிலிடரி சைடிங்குக்கு ஒரு கிளைப் பாதையும் உண்டு. 2024 நவம்பரில் திறந்த 21 மாடி டைடல் பூங்கா ஒன்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ரயில் ஓடுகிற ஊரில் ரயில்காரர்களுக்குப் பஞ்சம் இராது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷம், முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் காலையில் செடிக்குத் தண்ணீர் விடுவதை எங்கள் தெருக்களில் பார்க்கலாம். அத்தகைய பெரியவர் ஒருவர் இல்லாவிட்டால், சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் ஏலகிரிக்குப் போன பிரயாணம் எப்படி முடிந்திருக்குமோ, சொல்வதற்கில்லை.

நாங்கள் என்பது பள்ளிக்கூட ஆசிரியர் குடும்பங்கள் இரண்டு. பெரியவர்கள் நால்வர், குழந்தைகள் மூவர். இவர்களுடன் எங்கள் சரித்திர ஆசிரியரின் தாயார். வயது எழுபத்தெட்டு, முழங்கால் வலி, கையில் தடி. அம்மாள் ஹோட்டல் சாப்பாட்டைத் தொடமாட்டார்கள். ஆகையால் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாப்பாட்டு மேஜை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி ஒன்றை வாடகைக்குப் பேசினோம். சினிமாக்காரர்களின் புண்ணியத்தால் 'கேரவன்' என்ற பெயர் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, அந்த ஜாதி வண்டிதான்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலையே வண்டி வந்து நின்றது. குழந்தைகள் ஏறிக் குதித்தார்கள். அம்மாளும் தடியை ஊன்றி ஏறி, பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்திருப்பதற்காக எதிரிலிருந்த மேஜையைப் பிடித்தார்கள். மேஜை 'கிறீச்' என்று முனகிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. நல்ல வேளையாக மருமகள் கை கொடுத்தாள்.

குனிந்து பார்த்தோம். வண்டியின் நடுவே ஒற்றைக் கால் மேஜை. காலின் அடியில் சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய இரும்புத் தட்டு. அதை மெல்லிய பிளைவுட் தரையில் நான்கு மரத் திருகாணிகள் பிடித்துக்கொண்டிருந்தன. பிடித்துக்கொண்டிருப்பதாகப் பாவனை செய்தன என்பதே பொருத்தம்.

எதிர்வீட்டுப் பெரியவரை அழைத்து வந்தோம். அவர் மேஜையைத் தொடவே இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "இதன் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள்?"

"எங்கள் தாயார்தான்" என்றார் சரித்திர ஆசிரியர்.

"அப்படியானால் இது சாப்பாட்டு மேஜை மட்டும் இல்லை, ஸார்; கைப்பிடியும் இதுதான். வயதானவர்கள் எழுந்திருக்கும்போது எது கிட்ட இருக்கிறதோ அதைத்தான் பிடிப்பார்கள். தட்டைத் தாங்கினால் போதாது. ஆளையும் தாங்க வேண்டும். ரயில் பெட்டியில் ஜன்னலோர மேஜை தரையை நம்பி நிற்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறோம், ஆயிரம் தடவை அதன்மேல் காப்பி வைத்துக் குடித்திருக்கிறோம். ஆனால் அது ஏன் சுவரைப் பிடித்திருக்கிறது என்று யோசிக்க எவருக்கு அவகாசம்? நேயர்களும் எங்களுடன் சற்றே யோசிக்கலாம், கணக்கு எளியதுதான்.

மேஜையின் எடை 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் பிரேக்கை அழுத்தி மிதித்தால், அது ஏறக்குறைய 10 கிலோ பலத்தோடு முன்னால் தள்ளும். அந்தப் பலம் தரையில் இல்லை. 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடித்தட்டில் திருகாணிகளுக்கு இடையே உள்ள தூரமோ 10 சென்டிமீட்டர். ஏழு மடங்கு நெம்புகோல்! பத்துக் கிலோ தள்ளினால், திருகாணிகளை 70 கிலோ பிடுங்குகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிட்டாலோ, அந்த 15 கிலோ மேஜையே சுமார் 190 கிலோ பலத்தோடு பாயும். முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது மேஜை அல்ல, பீரங்கிக் குண்டு.

பெரியவர் முதலில் வண்டிச் சொந்தக்காரரிடம் தொலைபேசியில் சம்மதம் வாங்கச் சொன்னார். அவரும் மகிழ்ச்சியாகவே இசைந்தார். பிறகு பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்து, பக்கச் சுவர் நெடுகத் தேய்த்துக்கொண்டு போனார். அலங்காரப் பலகையின்மேல் வழுக்கிக்கொண்டு போன காந்தம் மூன்று இடங்களில் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. "வண்டியின் எலும்பு இங்கேதான் இருக்கிறது. தோலில் ஆணி அடித்துப் பிரயோஜனம் இல்லை, எலும்பைப் பிடிக்க வேண்டும்" என்றார்.

மின்சாரக் கம்பி அவ்விடங்களில் ஓடவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே துளை விழுந்தது. மூன்று இரும்புச் சட்டங்களோடும் ஒரு பட்டை இரும்பைப் போல்ட் போட்டு இறுக்கினார். குலுக்கலில் கழன்றுவிடாத நட்டு. ஒவ்வொன்றின் அடியிலும் அகலமான வாஷர். அந்தப் பட்டையில் கீல்கள். கீல்களில் மேஜைப் பலகை. வெளிப்புற ஓரத்துக்கு மடக்குக் கால்கள் இரண்டு. கால் நழுவாதிருக்கத் தரையில் சிறு கிண்ணங்கள். பாரத்தில் பாதியைச் சுவர் ஏற்கும், பாதியைக் கால்கள் ஏற்கும். வண்டி ஓடும்போது பலகையை மடித்துச் சுவரோடு கொண்டி போட்டுவிட வேண்டும். கூர்மையான மூலைகளை உருட்டித் தேய்த்தார். விளிம்பில், கப்பல் மேஜைகளில் உள்ளதுபோல, ஒரு விரல் உயரத்துக்குச் சிறிய வரம்பும் கட்டினார்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. நடுவிலிருந்த மேஜை ஓரத்துக்குப் போனதும், பின்புறத்து அவசரக் கதவுக்கு நேர் வழி பிறந்தது. அதுவரை அந்தக் கதவுக்குப் போக வேண்டுமானால் மேஜையைச் சுற்றிக்கொண்டு நெளிந்துதான் போக வேண்டும். குழந்தைகள் நெளிவார்கள், தடி ஊன்றுகிற பாட்டி நெளிய முடியுமா?

பெரியவர் வாங்கிக்கொண்டது ஒரு டம்ளர் மோரும், ஒரு வாக்குறுதியும்: "ஓடும் வண்டியில் எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். குழந்தை தூங்குகிறதே என்று படுக்கையில் கிடத்திவிடாதீர்கள்."

மேஜையின் கதையில் தேசத்தின் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் ரயிலில் சாப்பாட்டு மேஜை இல்லாமல் இல்லை. கவர்னர்களின் ஸலூன்களில் இருந்தது. மெயில் வண்டிகளின் உணவுப் பெட்டிகளில் வெள்ளைத் துணி விரித்து இருந்தது. 1930-ல் ஓடத் தொடங்கிய பம்பாய் – புனா 'டெக்கான் குயின்' ரயிலின் உணவுப் பெட்டி பிரசித்தமானது. மூன்றாம் வகுப்புக்காரருக்கு மடிதான் மேஜை. அந்த வகுப்பின் அவலத்தை மகாத்மா காந்தி 1917-ல் ஒரு பிரசுரமாகவே எழுதி வெளியிட்டார். 1955 ஜனவரியில் எங்கள் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. அதே வருஷம் அக்டோபர் 2-ந் தேதி பெரம்பூர்த் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். ஸ்விட்ஸர்லாந்துக்காரரிடம் தொழில் கற்றுத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான் 2018-ல் முதல் வந்தே பாரத் ரயிலும் வந்தது. தீர்மானத்தைப் பற்றிப் பண்டிதர்கள் தர்க்கம் செய்யட்டும். சாதாரணப் பிரயாணி தன் இட்லிப் பொட்டலத்தை வைக்க ஜன்னலோரத்தில் ஒரு முழப் பலகை கிடைத்தது பாருங்கள், அதைச் செய்த கைகளில் ஒன்றுதான் எங்கள் வண்டிக்கும் உதவ வந்தது.

மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டோம். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறி, நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். ஸ்ரீபெரும்புதூரும் காஞ்சிபுரத்து நெல்வயல்களும் பின்னே ஓடின. வேலூரில் கோட்டையைத் தூர நின்று தரிசித்துவிட்டு மேலே சென்றால், பாலாற்றுப் பள்ளத்தாக்கு. இடது புறம் ஜவ்வாது மலை நீல நிறத்தில் கூடவே வந்தது.

ஆம்பூரை நெருங்கும்போது ஓர் ஆட்டு மந்தை எவ்வித முன்னறிவிப்புமின்றிச் சாலையில் இறங்கியது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஓரமாக வைத்திருந்த தண்ணீர்க் கேன் ஒன்று எகிறிக் கிளம்பி, வண்டியின் முன்புறம் வரை உருண்டு சென்று 'தடால்' என்று மோதியது. குழந்தைகள் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோருடைய கண்ணும் ஒரே சமயத்தில் சுவரின் பக்கம் திரும்பியது. மேஜை கொண்டியோடு அசையாமல் இருந்தது. கேனுக்கும் அப்போதே ஒரு கயிறு கிடைத்தது.

வாணியம்பாடியில் திருப்பத்தூர்ச் சாலையில் திரும்பி, பொன்னேரியிலிருந்து மலை ஏறினோம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். கொண்டை ஊசி வளைவுகள் 14. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயரும் கடையெழு வள்ளல்களின் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் அப்படி ஒரு வளைவில் திரும்பினாலே, எந்தப் பொருளையும் அதன் எடையில் கால் பங்கு பலம் பக்கவாட்டில் இழுக்கும். பாரி இடப்பக்கம் தள்ளினால், அடுத்த வள்ளல் வலப்பக்கம் தள்ளினார். வள்ளல்கள் எவ்வளவு வாரி வழங்கியும் எங்கள் மேஜை வாங்கிக்கொள்ளவில்லை.

புங்கனூர் ஏரிக்கு அருகே ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். நிலம் கொஞ்சம் சரிவு. கொண்டியைத் தட்டிப் பலகையை இறக்கிக் கால்களை ஊன்றினோம். ரசம் சாய்ந்து நின்றது. வரம்பு இருந்தபடியால் பாத்திரம் நழுவவில்லை. எல்லோருக்கும் முன்பாக அம்மாள் சாப்பிட்டு முடித்தார்கள். பிறகு, யாரையும் கூப்பிடாமல், இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் பதித்து, உடல் பாரம் முழுவதையும் அதன்மேல் வைத்து எழுந்தார்கள். மருமகள் பழக்கத்தால் கையை நீட்டினாள்.

"வேண்டாம், நீ உட்கார்ந்து சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு ஏரியைப் பார்க்கத் தாமாகவே இறங்கிப் போனார்கள்.