பாட்டிக்கு ஒரு குறுஞ்செய்தி

நான் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தியால் என் பாட்டி ஒரு மணி நேரம் மழையில் நனைந்தார். 2013ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கு நான் செல்ல அந்த மழையே காரணமாயிற்று.

அப்பொழுது நான் நான்காம் படிவ மாணவன். பினாங்கு மாநிலத்தின் ஆயர் ஈத்தாமில், ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். சமையலறைச் சன்னலைத் திறந்தால் கெக் லோக் சி கோயிலின் கோபுரம் தெரியும். மாலை வேளைகளில் பாட்டி சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்திருப்பார். நான் பள்ளியிலிருந்து வந்ததும் பைகளைத் தூக்கிக்கொள்வேன். இருவரும் பேசிக்கொண்டே வீடு திரும்புவோம்.

ஒரு நாள் பூப்பந்துப் பயிற்சி நீண்டுவிட்டது. “தாமதமாகும், காத்திருக்க வேண்டாம்” என்று பாட்டிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். என் நண்பர்களுக்கு எழுதுவதைப் போலவே, தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தேன். பாட்டி கெடாவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். தமிழ் நேசன் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவார். ஆங்கில எழுத்துகள் மட்டும் அவருக்குத் தெரியா. அவசரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை.

நான் பேருந்தைவிட்டு இறங்கியபோது பாட்டி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். காற்றோடு வந்த சாரலை நிறுத்தத்தின் கூரை தடுக்கவில்லை. அவர் சேலை முழுவதும் நனைந்திருந்தது. “நீ ஏதோ அனுப்பியிருந்தே ஐயா. வந்துக்கிட்டு இருக்கேன்னு சொல்றேன்னு நினைச்சேன்” என்றார். அவர் என்மீது கோபப்படவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. அடுத்த மூன்று நாள் அவருக்குக் காய்ச்சல்.

நடந்ததை என் தமிழாசிரியையிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “ஆகஸ்டு மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு நடக்கிறது. கைப்பேசியில் தமிழ் எப்படி வந்தது என்று நேரில் பார்க்கலாம். வருகிறாயா?” என்று கேட்டார்.

ஆகஸ்டு 17ஆம் நாள், சனிக்கிழமை. ஆசிரியையுடன் மாணவர்கள் நால்வர் விடியுமுன் பேருந்தில் புறப்பட்டோம். பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது கடலில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் மின்னின. ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணம்.

மலாயாப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் மாநாடு புதியதன்று. முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966ஆம் ஆண்டு அங்குதான் நடைபெற்றது. தமிழ் இணைய மாநாடோ 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தொடங்கியது. உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் இப்பொழுது அதனை நடத்திவருகிறது. இவற்றையெல்லாம் ஆசிரியை பேருந்திலேயே எங்களுக்கு விளக்கியிருந்தார்.

அரங்கில் தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர் எனப் பல நாட்டுத் தமிழர்கள் கூடியிருந்தார்கள். சில கட்டுரைகள் எனக்குச் சிறிதும் விளங்கவில்லை. விளங்கியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தர வேண்டும். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எண்முறையை வைத்திருந்தது. அதனால் ஒரு கணினியில் தட்டச்சு செய்த கடிதம் மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தோன்றியது. யூனிகோடு வந்த பிறகே உலகம் முழுவதற்கும் பொதுவான எண்கள் கிடைத்தன. அதில் ‘அ’ என்பதன் எண் 2949. ‘க’ என்பதன் எண் 2965.

கண்காட்சிக் கூடத்தில் ஓர் அக்கா எங்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையைக் காட்டினார். இடக்கைக்கு உயிரெழுத்துகள், வலக்கைக்கு மெய்யெழுத்துகள். 247 எழுத்துகளையும் எழுத 31 விசைகளே போதும்.

“அம்மா என்று எழுதிப் பாருங்கள்” என்றார். நான் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினேன். முதல் ‘ம’வின்மேல் புள்ளி தானாகவே வந்து அமர்ந்தது. வியப்பில் சிரித்துவிட்டேன்.

பிறகு அவரிடம் பாட்டியின் கதையைச் சொன்னேன். “ஆங்கில எழுத்தில் எழுதினால் பாலம், பழம், பலம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். படிக்கத் தெரிந்தவரும் தடுமாறுவார்” என்றார் அவர். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியை என் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தார். ஆனால், பாட்டியின் பழைய கைப்பேசியில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவே தெரியும் என்றும் சொன்னார். என் முகம் வாடியது. “வீட்டில் வேறு கைப்பேசி இல்லையா?” என்று கேட்டார். அம்மாவிடம் புதிய கைப்பேசி இருந்தது.

ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 குறியீடுகள் உண்டு. தமிழுக்கு 70 மட்டுமே. ‘கி’ போன்ற எழுத்து இரண்டாகக் கணக்கிடப்படும். அதனால் சொற்களை எண்ணி எண்ணி எழுதினேன். “பாட்டி, இரவு பதினொரு மணிக்கு வருவேன். மழையில் நிற்காதீர்கள்.” மொத்தம் 60 குறியீடுகள். அதை அம்மாவின் எண்ணுக்கு அனுப்பி, பாட்டியிடம் கைப்பேசியைக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

அன்றிரவு நான் வீடு திரும்பியபோது பாட்டி தூங்கவில்லை. கண்ணாடி அணிந்து அம்மாவின் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். “யாரும் படிச்சுச் சொல்லல ஐயா. நானே படிச்சேன்” என்றார். எத்தனை முறை படித்தார் என்று அம்மா விரல்விட்டுக் காட்டினார்.

அடுத்த மாதமே ஐபோனிலும் தமிழ் விசைப்பலகை இடம்பெற்றதாக ஆசிரியை வகுப்பில் சொன்னார். இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் தமிழ் இருக்கிறது. ஆயினும் பலர் இன்னும் ஆங்கில எழுத்துகளிலேயே தமிழை எழுதுகிறோம். அறிஞர்கள் பல்லாண்டு உழைத்து அமைத்த வழி நம் விரல்நுனியில் இருக்கிறது. அதில் நடப்பது நம் பொறுப்பு.

பாட்டி இப்பொழுது தமக்கென ஒரு திறன்பேசி வைத்திருக்கிறார். அவர் முதன்முதலில் தாமே எழுதி அனுப்பிய செய்தி எனக்குத்தான் வந்தது. “மழை வருது. குடை எடுத்துக்கோ.”