ஏரிக்கரையில் இரண்டு இரவுகள்



"இனி எனக்கென்ன?" என்ற வார்த்தையை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்ட உம்மாமார், கணவரை இழந்தவர்கள், சீனி வருத்தமும் மூட்டுவலியும் வந்து வீட்டோடு ஒதுங்கிவிட்ட ராத்தாமார் என்று எல்லோர் வாயிலும் வரும் வார்த்தை அது. என் கணவர் மௌத்தாகி, இத்தா முடிந்த பிறகு நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சமைத்தேன், தொழுதேன், ஓதினேன், படுத்தேன். மருந்துக் கடையைத் தவிர வாசற்படி தாண்டுவதற்கு வேறு காரணம் இருக்கவில்லை.

அப்படியிருந்த நான், ஐம்பத்தெட்டு வயதில், காட்டோரம் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்கினேன், ஐந்நூறு அடி உயரக் குன்றொன்றில் ஏறினேன் என்றால் நம்புவீர்களா? அந்தக் கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அமெரிக்காவில், சிக்காகோ நகருக்கு அருகில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜூன் மாதம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. "மாமி, வெள்ளிக்கிழமை கேம்பிங் போறோம். நீங்களும் வரணும்" என்றாள் மருமகள். "நான் எதுக்கு மகள்? நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்" என்றேன். அதற்குள் பேரன் துள்ளிக்கொண்டு வந்து, "வாப்பும்மா, நாங்க சைத்தானுடைய ஏரிக்குப் போறோம்!" என்றானே பார்க்கலாம். அஊது பில்லாஹ் என்று வாய் தானாகவே ஓதிவிட்டது.

பெயர் அப்படித்தான். விஸ்கொன்சின் மாநிலத்தில், பராபூ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் உள்ளது 'டெவில்ஸ் லேக்' மாநிலப் பூங்கா. அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான ஹோ-சங்க் மக்கள் அந்த ஏரியைப் புனிதமானதாகக் கருதி, அந்தக் கருத்திலேயே பெயரிட்டிருந்தார்கள். பின்னால் வந்து குடியேறிய வெள்ளையர் வைத்த பெயர்தான் இப்படி ஆகிவிட்டது. பாவம், ஏரி என்ன செய்யும்!

அந்நாட்டிலே தேசியப் பூங்காக்களை மத்திய அரசாங்கம் பராமரிக்கிறது. மாநிலப் பூங்கா என்பது அந்தந்த மாநிலம் தன் மக்களுக்காக ஒதுக்கி வைத்த இடம். இந்தப் பூங்கா 1911இல் உருவானது. ஏரி ஏறக்குறைய 360 ஏக்கர். இரு பக்கமும் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பாறைக் குன்றுகள். பாறையின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். பனியுகத்தில் வந்த பனிப்பாறை கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் பழைய பள்ளத்தாக்கை இரு முனையிலும் அடைத்துவிட, நடுவில் நீர் தேங்கி ஏரியாகிவிட்டது. நம் நாட்டுக் குளங்களுக்கு அரசர்கள் அணை கட்டினார்கள். இந்த ஏரிக்குப் பனி கட்டியிருக்கிறது. ஏரியிலே பெற்றோல் இயந்திரப் படகுகளுக்கு அனுமதி இல்லை. அதனால் ஒரே அமைதி.

ஜும்ஆ முடிந்ததும் புறப்பட்டு, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் காரில் போனோம். நானூறுக்கும் அதிகமான கூடார இடங்கள் அங்கே உண்டு. பதினொரு மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்துகொள்ளலாமாம். ஓர் இடத்தில் ஒரு குடும்பம், அல்லது ஆறு பேர். மேசை, வாங்கு, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், கார் நிறுத்த இடம், அவ்வளவுதான். பெண்களாகிய நமக்கு முதலில் வரும் கவலை எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மலசலகூடமும் குளியலறையும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. வுளூவுக்கு அங்கேயே போனோம்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் சுற்றுலா என்றால் என்ன? விடிய மூன்று மணிக்கு எழும்பி புரியாணி ஆக்கி, சட்டி பானையோடு வேனில் ஏறி, இறங்கிய இடத்தில் சஹன் வைத்து, எல்லோரும் கடலில் குளிக்கும்போது நாம் பாத்திரம் கழுவி, வீடு வந்து மறுபடியும் கழுவுவது! கடல் பார்த்த ஞாபகத்தை விட, கழுவிய சட்டியின் ஞாபகம்தான் நமக்கு அதிகம்.

என் மருமகள் கொண்டு வந்தது மசாலா பிரட்டி உறைய வைத்த கோழி, ரொட்டி, ஒரு போத்தல் சீனிச் சம்பல், பழம், தேயிலை. நெருப்பு மூட்டிக் கோழி சுட்டது என் மகன். தட்டுக் கழுவியது பேத்தி. நான் எழும்பப் போனால், "வாப்பும்மா, இது என்னுடைய வேலை" என்று அதட்டினாள். அன்றுதான் ஒரு பயணத்தில் ஏரியில் பொழுது சாய்வதை நான் முழுதாக இருந்து பார்த்தேன். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரைக்கு மேலாகிறது.

பிள்ளைகள் நெருப்பில் வாட்டிச் சாப்பிடும் மார்ஷ்மெலோ என்ற மிட்டாயில் பன்றி ஜெலட்டின் சேர்ப்பது சாதாரணம். மருமகள் ஹலால் கடையில் தேடி, மாட்டு ஜெலட்டினில் செய்ததை வாங்கி வந்திருந்தாள். அதனால் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

இரவு பதினொரு மணிக்குப் பிறகு யாரும் சத்தம் போடக் கூடாது என்பது விதி. கூடாரத்துக்குள் தூக்கம் வரவில்லை. ஏரியின் கிழக்குக் கரையால் ஒரு சரக்கு ரயில் போனது. அந்தச் சத்தம் குன்றுகளில் மோதி நெடுநேரம் கேட்டது. தனிமையில் எத்தனையோ இரவுகள் விழித்திருக்கிறேன். அன்று அருகே பேரப்பிள்ளைகளின் மூச்சுச் சத்தம் இருந்தது.

சுபஹுக்கு மகன் எழுப்பினான். ஊரில் மேற்கே பார்த்துத் தொழுத எனக்கு, அங்கே கிப்லா வடகிழக்கு. வானம் வெளுக்கத் தொடங்கும் பக்கத்தைப் பார்த்துத் தொழுதோம். பயணிக்குரிய சலுகைப்படி மற்ற நேரத் தொழுகைகளைச் சுருக்கியும் சேர்த்தும் தொழுதுகொண்டோம்.

மறுநாள் குன்றேறினோம். ஏரியின் மேற்குக் கரையோரமாக ஒரு மைல் அளவில் சமதளப் பாதையும் உண்டு. முழங்கால் முடியாதவர்களுக்கு அது போதும். நான் அதிலேதான் போவேன் என்றிருந்தேன். பேரன் விடவில்லை. கிழக்குக் குன்றுக்குக் கற்படிகள் போகின்றன. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதிருந்த வாலிபர்களை அரசாங்கம் திரட்டி, 1935 முதல் 1941 வரை அங்கே முகாமிட வைத்து, பாதைகளும் கட்டிடங்களும் அமைத்ததாம்.

கொஞ்சம் ஏறியதும் மூச்சு வாங்கியது. "திரும்புவோம் மகள்" என்றேன். "திரும்பலாம் மாமி. இன்னும் பத்துப் படி ஏறிவிட்டு முடிவெடுப்போம்" என்றாள். பத்துப் படி ஏறினோம், இருந்தோம், தண்ணீர் குடித்தோம். சீனி குறையாமலிருக்க ஒரு பேரீச்சம்பழம். பிறகு இன்னும் பத்து. ஊன்றுகோலோடு இறங்கி வந்த, என்னிலும் மூத்த வெள்ளைக்கார மாதொருத்தி வழிவிட்டு நின்று சிரித்தாள்.

உச்சியில் நின்று பார்த்தபோது முழு ஏரியும் காலடியில் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காததை நான் மட்டும் பார்க்கிறேனே என்ற வேதனை ஒரு பக்கம். இந்த வயதில் இதைக் காட்டித் தந்தானே அல்லாஹ் என்ற நன்றி ஒரு பக்கம். மருமகள் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க இடமுண்டு என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

இப்படியான இடங்களுக்குப் போகக் கிடைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். புல்லில் உண்ணிகள் உண்டு. அவற்றால் லைம் நோய் வரலாம். காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு நடந்து, திரும்பியதும் உடம்பைப் பரிசோதியுங்கள். மூன்று மூன்று இலையாக வளரும் ஒரு நச்சுக்கொடி பட்டால் தோல் அரித்துக் கொப்புளிக்கும். உணவை இரவில் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். ரக்கூன் என்ற பிராணி பெட்டி திறப்பதில் கெட்டிக்காரன். தூரத்திலிருந்து விறகு கொண்டு போகாதீர்கள். மரங்களை அழிக்கும் பூச்சி அதோடு பரவும் என்பதால் அங்கே தடை. தளர்வான பருத்தி உடையும் பிடிப்புள்ள சப்பாத்தும் போதும். முந்தானையை ஊசி குத்திக்கொண்டால் காற்றுக்குப் பயமில்லை.

ஊருக்கு வந்த பிறகு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அரை மணி நேரமாவது நடக்கும்படி டொக்டர் பல வருடங்களாகச் சொல்லி வந்தார். இப்போது சுபஹுக்குப் பின் பக்கத்து வீட்டு இருவரோடு குளக்கட்டில் நடக்கிறேன். முதல் வாரம், "எங்க இந்த நேரத்தில?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் ஒருத்தி இப்போது எங்களோடு நடக்கிறாள்.

சகோதரிகளே! எல்லோருக்கும் அமெரிக்கா போகக் கிடைக்காது; போகவும் வேண்டியதில்லை. அடுத்த முறை வீட்டார் சுற்றுலா என்றால், சட்டியைக் குறையுங்கள், வேலையைப் பங்கிடுங்கள். உங்கள் உம்மாவையும் மாமியையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். "நான் எதுக்கு?" என்று அவர்கள் சொன்னால், பத்தே பத்து அடி மட்டும் நடந்து பார்ப்போம் என்று சொல்லிப் பாருங்கள்.