மாடத்திலிருந்து சிரித்தவர்

ஹென்றி லூசியை இன்று அநேகமாக யாரும் படிப்பதில்லை. படித்தாக வேண்டும் என்று நானும் சொல்ல வரவில்லை. அவர் எழுத்தில் பெரும்பகுதி அன்றைய சபையோடு போய்விட்டது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1842இல் லிவர்ப்பூல் அருகே பிறந்தவர். ஒரு தோல் வியாபாரியிடம் சுமார் 8 வருஷம் குமாஸ்தா. சுருக்கெழுத்துக் கற்றுக்கொண்டு பத்திரிகைக்குப் போனார். 1881 முதல் 1916 வரை 'பஞ்ச்' இதழில் 'டோபி எம்.பி.' என்ற பெயரில் பார்லிமெண்ட் நடவடிக்கைகளைக் கேலியாக எழுதினார். டோபி, பஞ்ச் பொம்மலாட்டத்தில் வரும் நாய். நடுவே 1886இல் 'டெய்லி நியூஸ்' ஆசிரியரானார். மறுவருஷமே அந்த நாற்காலியை விட்டு நிருபர் மாடத்துக்குத் திரும்பினார். 1909இல் சர் பட்டம்.

நானும் குமாஸ்தாதான். அம்பத்தூரில் ஒரு வங்கிக் கிளை. ஆபீஸர் பதவி உயர்வை இருமுறை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவன். நாற்காலி மாறினால் பார்வையும் மாறிவிடும் என்பது என் எண்ணம். எனவே லூசி திரும்பிப் போனது புரிகிறது. ஆனால் மாடத்தில் இருப்பது சுதந்திரமா, சௌகரியமா?

டோபி கடிக்காத நாய். ஒருவருடைய தோரணையை, பேச்சின் நீளத்தைச் சொல்வார். கேலிக்குள்ளானவரும் சேர்ந்து சிரிக்கலாம். சபைக்கு ஒன்றும் ஆகாது.

இங்கே 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேள்வி. பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் முன்னவர், முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் பின்னவர் என்று பதில். யார் பெயரும் இல்லை. சட்டசபை, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு 3 மாதக் கடுங்காவல் விதித்தது. சில நாட்களில் வெளியே வந்தும் அவர் விடவில்லை. 1994இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கிடைத்த நஷ்டஈடு 1000 ரூபாய். அதைச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்.

ஹாஸ்யம் என்ற அளவில் அந்த ஜோக் சாதாரணம். லூசியின் நயம் அதில் கிடையாது. ஆனால் அது ஆளை விட்டுவிட்டுப் பதவியைத் தொட்டது. ஆளைத் தொட்டவருக்குப் பட்டம். பதவியைத் தொட்டவருக்குச் சிறை. நயத்தை மட்டும் நிறுத்துப் பார்க்கும் விமர்சனம் இந்த வித்தியாசத்தைத் தவறவிடும்.

நமது சிறுபத்திரிகைக் கேலியையும் இதில் வைத்துப் பார்க்கலாம். சில நூறு பேர் படிக்கிறோம். கிண்டல் செய்யப்பட்டவர் அடுத்த இதழில் கவிதை எழுதுகிறார். நயத்துக்குக் குறைவில்லை.