கைதட்டிய கைகள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை வகுப்பில் நடத்தும்போது யாம் மாணவரிடம் ஒரு வினாவைத் தவறாமல் எழுப்புவதுண்டு. தனக்கு நேராத ஒன்றைக் கண்டு மனிதனின் உடல் சிலிர்ப்பது ஏன்? மேடையில் அழுபவர் யாரோ. கண்ணீர் நம் கண்ணில் வருவது எவ்வாறு? மாணவர் சொல்லும் விடைகளைத் தொகுத்து, காண்போன் தன்னை மறந்து காணப்படுவோனோடு ஒன்றிவிடுகிறான் என்று முடித்து வைப்போம். அவ்விடையில் எமக்குப் பல்லாண்டுகளாக ஐயம் எழுந்ததில்லை. 2018ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில், கனடா நாட்டுப் பனித்தளம் ஒன்றின் முன் அமர்ந்திருந்த ஒரு மாலைப்பொழுது அந்த விடையைக் கலைத்துப் போட்டுவிட்டது.

பனித்தளத்தின் முன்

எம் தமக்கையார் தம் மகனுடன் டொரண்டோ நகரில் வாழ்கிறார். அவரைக் காணச் சென்றிருந்தபோது, "மாமா, இந்த நாட்டை நூலில் படித்தது போதும், ஒரு ஹாக்கி ஆட்டம் பாருங்கள், எல்லாம் விளங்கிவிடும்" என்று மருகன் அழைத்தான். பெரிய அணிகளின் ஆட்டத்திற்கு நுழைவுச்சீட்டு விலை மிகுதி. ஆகவே பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த இளையோர் லீக் ஆட்டத்திற்குப் போனோம். மருகனின் மகனும் உடன் வந்தான். உறவு முறையால் எமக்கு நாற்பதிலேயே 'தாத்தா' பட்டம் தந்த ஒன்பது வயதுச் சிறுவன் அவன்.

எம் கல்லூரித் திடலில் மாணவர் ஆடும் புல்தரை ஹாக்கியை நினைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தோம். ஆனால் அங்குக் கண்டது வேறு. இருநூறு அடி நீளமும் எண்பத்தைந்து அடி அகலமும் கொண்ட பனிக்கட்டித் தளம். சுற்றிலும் பலகைச் சுவர், அதன்மேல் கண்ணாடி. பந்துக்கு மாற்றாக மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள ரப்பர் வட்டு. ஓர் அணிக்கு அறுவர்; இருபது நிமிடப் பகுதிகள் மூன்று. வீரர்கள் சறுக்குக் காலணியில் பறந்தனர் என்றே சொல்ல வேண்டும். ஒருவரை ஒருவர் தோளால் இடித்துச் சுவரில் மோதும் ஓசை இருக்கைவரை அதிர்ந்தது. விதிகள் விளங்காத எமக்கும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

இரண்டாம் பகுதியில் அது நிகழ்ந்தது. எதிரணியினன் ஒருவன் உள்ளூர் அணியின் சின்னஞ்சிறு வீரனைச் சுவரோடு நெருக்கித் தள்ளினான். மறுகணம் உள்ளூர் அணியின் நெடிய இளைஞன் ஒருவன் விரைந்து வந்தான். இருவரும் மட்டைகளை எறிந்தனர், கையுறைகளை உதறினர். இடக்கையால் சட்டையைப் பற்றிக்கொண்டு வலக்கையால் குத்தத் தொடங்கினர். ஆட்டம் நின்றது. கோட்டு நடுவர் இருவரும் அருகே வந்து, தடுக்காமல், காத்து நின்றனர். அரங்கு முழுவதும் எழுந்தது. எம் பேரன் நாற்காலி மேலேறிக் கைதட்டினான். எழுந்தோருள் யாமும் இருந்தோம். தட்டிய கைகளுள் எம் கைகளும் இருந்தன. அவை எப்போது சேர்ந்தன என்பதை இன்றளவும் அறியோம்.

நெடியவன் விழுந்தான். உடனே நடுவர்கள் பிரித்தனர். இருவரும் தனித்தனித் தண்டனைக் கூண்டுகளில் ஐந்து நிமிடம் சென்று அமர்ந்தனர். அமர முனைந்தபோதுதான் கவனித்தோம். எமக்கு முன்வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் எழவே இல்லை. முகத்தை இரு கைகளாலும் மூடியபடி இருந்தவர், அருகிலிருந்தவரிடம் "முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

தொலைவூர்களிலிருந்து ஆட வரும் இளைஞர்களை உள்ளூர்க் குடும்பங்கள் தம் வீட்டில் தங்க வைத்து உணவளிப்பது அந்நாட்டு வழக்கம் என்றும், விழுந்தவன் அப்பெண்மணியின் வீட்டில் வளர்பவன் என்றும் மருகன் விசாரித்துச் சொன்னான். வயது பதினெட்டு. எம் முதலாண்டு மாணவரின் வயது!

தண்டனையா, இசைவா?

ஊர் திரும்பிய பின் அக்காட்சி எம்மை விடவில்லை. கிடைத்தவற்றையெல்லாம் படித்தோம். 1917ஆம் ஆண்டு மாண்ட்ரியால் நகரில் தோன்றிய தேசிய ஹாக்கி லீக், 1922ஆம் ஆண்டிலேயே கைச்சண்டைக்கென ஒரு விதியை வகுத்துவிட்டது. பிற விளையாட்டுகளில் குத்தியவர் களத்தை விட்டே வெளியேற்றப்படுவார். ஒலிம்பிக் ஹாக்கியிலும் அவ்வாறே. இந்த லீக்கிலோ ஐந்து நிமிடக் கூண்டோடு முடிகிறது. இருவரும் ஒருங்கே கூண்டில் அமர்வதால் எந்த அணிக்கும் ஆள் குறைவதில்லை. தண்டனை என்ற பெயரில் தரப்பட்ட இசைவு இது எனலாம்.

இவ்வழக்கத்திற்கு ஆதரவாகப் பேசுவோர் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மட்டை ஏந்திய மனிதர் பெருவேகத்தில் மோதும் களத்தில், நடுவர் கண்ணுக்குத் தப்பும் கொடுமைகள் பல. மெலியோரைக் காக்க ஒருவர் வேண்டும். கைச்சண்டை அச்சம் இல்லையேல் மட்டைகளே ஆயுதமாகிவிடும் என்பர். கோல் மன்னர் வேய்ன் கிரெட்ஸ்கி எட்மண்டன் அணியில் ஆடிய காலத்தில் டேவ் செமென்கோ, மார்ட்டி மெக்சார்லி ஆகியோர் அவருக்கு அரணாக நின்றனர். 1988ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு மாற்றப்பட்டபோது மெக்சார்லியும் அவருடன் சென்றார்.

இங்குதான் காண்போரைக் கவரும் பொருள் புலப்படுகிறது. கூட்டம் விரும்புவது குருதியை மட்டும் அன்று. தன்னவன் ஒருவனுக்காகத் தன் உடலைப் பணயம் வைக்கும் ஒருவனைக் காண அது விரும்புகிறது. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் தறுகண்மையும் ஒன்று எனத் தொல்காப்பியர் வைத்ததை நாம் அறிவோம். அன்று எம் கைகள் தட்டியது அத்தறுகண்மைக்கே என்று எம்மை யாமே தேற்றிக்கொண்டோம்.

காண்போரைக் கவருவது இன்னொன்றும் உண்டு. அது 'எம்மவர்' என்னும் உணர்வு. 1955 மார்ச்சு மாதம் மாண்ட்ரியால் அணியின் மொரீஸ் ரிஷார் கோட்டு நடுவரை அடித்தமைக்காக, அப்பருவத்தில் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்திலிருந்தும் லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல்லால் விலக்கப்பட்டார். 17ஆம் நாள் கேம்ப்பெல் அரங்கிற்கு வந்தபோது கூட்டம் கொந்தளித்தது. கலவரம் தெருவெங்கும் பரவியது. பிரெஞ்சு மொழி பேசும் மக்களின் நாயகனை ஆங்கிலம் பேசும் தலைவர் ஒறுத்தார் என்னும் மனக்குமுறலே அதற்கு அடிப்படை. அதே நகரில் 2025 பிப்ரவரி 15 அன்று கனடாவும் அமெரிக்காவும் மோதியபோது முதல் ஒன்பது நொடிகளில் மூன்று சண்டைகள் மூண்டன. அப்போது இரு நாடுகளிடையே வணிக வரி பற்றிய கசப்பு நிலவியது. அமெரிக்க நாட்டுப்பண்ணுக்கு அரங்கில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. களத்தில் வீரர் ஓங்கிய கையில் அரங்கின் சினமும் சேர்ந்தே இருந்தது.

விலை கொடுப்போர்

இத்துணையும் உண்மையே. ஆயினும் யாம் தேற்றிக்கொண்டது நிலைக்கவில்லை. விலை கொடுப்பவர் யார் என்ற வினா வந்து நின்றது.

ஒன்டாரியோ மாகாணத்தில் டான் சாண்டர்சன் என்னும் இருபத்தொரு வயது வீரர், 2008 டிசம்பரில் நடந்த சண்டையில் தலைக்கவசம் கழன்ற நிலையில் விழுந்தார். தலை பனித்தளத்தில் மோதியது. 2009 சனவரி 2ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. கோடிகள் புரளும் லீக்கில் நடந்ததன்று அது. சிற்றூர் அணிகள் ஆடும் ஆட்டம்.

டெரெக் பூகார்ட் வரலாறு இன்னும் நெஞ்சை அறுப்பது. மின்னசோட்டா, நியூயார்க் அணிகளுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 277. அடித்த கோல்கள் மூன்றே மூன்று. தண்டனைக் கூண்டில் கழித்ததோ 589 நிமிடம். அவருடைய தொழில் எது என்பதை இவ்வெண்களே சொல்லும். மின்னசோட்டா மக்கள் அவரைக் கொண்டாடினர். 2010 டிசம்பரில் ஒரு சண்டையில் தலையில் அடிபட்டார். மீண்டும் களம் இறங்கவில்லை. 2011 மே மாதம், இருபத்தெட்டு வயதில், மதுவும் வலிநீக்கி மருந்தும் அளவு கடந்து உயிர் நீத்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் அவர் மூளையை ஆராய்ந்தபோது, திரும்பத் திரும்ப அடிபட்டோர்க்கு வரும் மூளைச் சிதைவு நோய் முற்றியிருக்கக் கண்டனர். அரங்கில் எழுந்த ஆரவாரம் அவருடைய இருபத்தெட்டு வயது மூளையில் என்ன எழுதிச் சென்றது என்பதை, ஆரவாரித்தவர் எவரும் அறிந்திலர்.

அப்போதுதான் அப்பெண்மணி முகத்தை மூடியதன் பொருள் எமக்கு விளங்கியது. அந்த அரங்கில் இருந்தோருள் வீழ்ந்தவனை அறிந்தவர் அவர் ஒருவரே. காலையில் அவன் என்ன உண்டான், எந்தப் பாடத்தில் தேர்வு எழுத வேண்டும், வீட்டு நினைவு வந்தால் யாரோடு பேசுவான் என்பதையெல்லாம் அறிந்தவர். அறியாத யாங்கள் எழுந்து நின்றோம், அறிந்தவர் அமர்ந்திருந்தார். காண்போன் காணப்படுவோனோடு ஒன்றிவிடுகிறான் என்று வகுப்பில் சொன்னோமே, அது முழு உண்மை அன்று. யாங்கள் ஒன்றியது அவனுடைய வீரத்தோடு. அவனுடைய வலியோடு அன்று.

நகைப்புப் பெயர் நாயகன் ஆனது

அறிந்தால் கூட்டமும் மாறும் என்பதற்குச் சான்று உண்டு. ஜான் ஸ்காட் என்பவர் சண்டைக்கென்றே அணியில் வைக்கப்பட்ட நெடிய வீரர். இயந்திரப் பொறியியல் பயின்றவர். 280க்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஐந்தே கோல்கள் அடித்தவர். 2016ஆம் ஆண்டு நட்சத்திர வீரர் ஆட்டத்திற்கு இவரைத் தேர்ந்தெடுத்தால் வேடிக்கையாக இருக்குமே என்று எண்ணி மக்கள் வாக்குகளைக் குவித்தனர். விலகிக்கொள்ளுமாறு தம்மிடம் கூறப்பட்டதாக அவரே எழுதினார். தம் உழைப்பையும் தம் பெண்மக்களையும் பற்றி எழுதினார். அவ்வெழுத்தைப் படித்தோர்க்கு அவர் வேடிக்கைப் பொருளாக இல்லை, மனிதராகிவிட்டார். சனவரி 31 அன்று நாஷ்வில் நகரில் அவர் இரு கோல்கள் அடித்தார். ஆட்டநாயகனுக்கான மூவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மக்கள் தாமே எழுதிச் சேர்த்து அவரை வெற்றி பெறச் செய்தனர். சக வீரர் அவரைத் தோளில் சுமந்தனர். எள்ளலாய்த் தொடங்கியது உவகையாய் முடிந்தது. அன்றைய உவகைக்கு ஒரு குத்தும் தேவைப்படவில்லை.

சண்டை இல்லையேல் ஆட்டம் சுவைக்காது என்பார்க்கு ஆட்டமே விடை கூறுகிறது. கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளில் சண்டைகள் அருகிவிடுகின்றன. அரங்கம் மூச்சடக்கிப் பார்ப்பது அப்போதுதான். 1980களில் ஏறத்தாழ ஆட்டத்திற்கு ஒன்று என்றிருந்த சண்டை, இன்று பல ஆட்டங்களுக்கு ஒன்றாகக் குறைந்துள்ளது, அரங்குகள் காலியாகிவிடவில்லை. 2025இல் ஒன்பது நொடியில் மூன்று சண்டை கண்ட அதே இரு நாடுகள், ஐந்து நாள் கழித்துப் பாஸ்டன் நகரில் இறுதியாட்டத்தில் சந்தித்தன. இம்முறை அத்தகைய தொடக்கம் இல்லை. கூடுதல் நேரத்தில் கானர் மெக்டேவிட் அடித்த ஒரு கோல் கனடாவுக்கு 3-2 என வெற்றி தந்தது. ஒரு நாடே எழுந்து நின்றது.

நிறைவாக

அன்றிரவு வீடு திரும்பும் வழியில் பேரன் எம்மிடம் கேட்டான்: "தாத்தா, கீழே விழுந்தானே அந்த அண்ணன், அவனுக்கு வலிக்குமா?" மருகன் வண்டியை ஓட்டியபடி, "அவர்களுக்குப் பழக்கம்டா" என்றான். சிறுவனுக்கு அவ்விடை போதவில்லை. எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மெய்ப்பாட்டியல் நடத்தும் ஆசிரியராகிய எமக்கு அப்போது சொல்ல ஒன்றும் வாய்க்கவில்லை. "வலிக்கும்" என்று மட்டும் சொன்னோம். அவன் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படியென்றால் நாம் ஏன் கைதட்டினோம்?" என்றான்.

மாணவச் செல்வங்களே, நீங்களும் நாளை அரங்குகளில் அமர்வீர்கள். எழுந்து நில்லுங்கள், ஆரவாரியுங்கள், அது மனித இயல்பு, அதில் தவறில்லை. ஆயினும் கைகள் சேரும்முன், களத்தில் இருப்பவன் யாரோ ஒருவர் வீட்டில் உண்டு உறங்கி எழுந்து வந்தவன் என்பதை ஒரு கணம் நினையுங்கள். அந்த ஒன்பது வயதுச் சிறுவன் கேட்ட வினாவை இப்போது யாம் மெய்ப்பாட்டியல் வகுப்பின் முதல் வினாவாக வைத்திருக்கிறோம். விடையை எழுதிப் போடுவதை நிறுத்திவிட்டோம்.