பெயரை யார் எழுதுவது?

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். இத்தனை காலம் இந்த மண்ணில் இருந்தும், பிறந்த பெண்பிள்ளையின் பெயரை எப்படி எழுதுவது என்ற முடிவை இன்னும் நாம் நம் கையில் எடுக்கவில்லை. பாட்டிமார் காலத்தில் அதைத் தோட்ட ஆபீஸ் பார்த்துக்கொண்டது. லட்சுமி செக்ரோல் பதிவேட்டில் லெட்சுமி ஆனாள். ஆங்கிலத்தில் எல், ஈ, ரி, சி, எச் என்று நீண்டாள். மலேசிய ரப்பர்த் தோட்டத்திலும் அவளுக்கு இதே எழுத்துத்தான். அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். தோட்டக் குடியிருப்பான லயத்தில் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். பிறப்புப் பதிவில் ஒருவர் காதும், ஈ.பி.எப். என்ற சேமலாப நிதிப் பத்திரத்தில் இன்னொருவர் காதும், அடையாள அட்டையில் மூன்றாமவர் காதும் வேலை செய்தபோதுதான் வினை வந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் யார் போவது, யார் இருப்பது என்று பங்கு போட்டது. 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வரும்வரை நாம் யாரென்று கடதாசியில் நிரூபிப்பதே பிழைப்பாக இருந்தது. அப்படிப்பட்ட சனத்துக்கு ஓர் எழுத்து மாறுவது சின்ன விசயமல்ல. இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு.

சப்ரகமுவவின் கலவான போன்ற இடத்தில் இந்தக் குழப்பத்தின் பழியைச் சிங்கள எழுத்தின் மேல் போடுவது எளிது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தோட்டங்கள் இவை. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொன்னாலும், சப்ரகமுவவில் அலுவலகப் பேனா பெரும்பாலும் சிங்களத்தில்தான் ஓடுகிறது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் நம் பெண்களின் பெயர்களுக்குச் சிங்கள எழுத்து நல்ல எழுத்து. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் அதில் தனித்தனியே உண்டு. 'தாத்தா'வின் தகரத்துக்கு ஓர் எழுத்து, 'பந்து'வின் தகரத்துக்கு வேறோர் எழுத்து. கீதாவைக் 'கீ' என்று அழுத்திப் படிப்பதா, மெலிதாகப் படிப்பதா என்பதைத் தமிழ் எழுத்து சொல்லாது, சிங்களம் சொல்லிவிடும். குழப்பம் ஆங்கிலத்தில்தான் தொடங்குகிறது. தர்ஷினிக்கு முதலெழுத்தாக டி போட்டால், அதைத் திரும்பத் தமிழில் எழுதுகிறவர் 'டர்ஷினி' ஆக்கிவிடுவார். அதற்குப் பயந்து ரி, எச் என்று போட்டால், அதைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதுகிறவர் தாத்தாவின் தகரத்தைப் போட்டுவிடுவார். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்திலிருந்து திரும்பி வந்த தமிழில் இன்னொன்று என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர். அதனால் முதலில் தமிழ், அதைக் காதால் கேட்டுச் சிங்களம், கடைசியில்தான் ஆங்கிலம் என்ற வரிசை வேண்டும். ஆங்கிலத்தைப் பார்த்து மற்ற இரண்டையும் எழுதவே கூடாது. எண்கணிதக்காரர் சொன்னாரென்று நடுவில் ஓர் 'எச்' அல்லது 'ஏ' செருகுகிறவர்கள், அந்த எழுத்தை அவள் ஆயுள் முழுக்கச் சொல்லித் திரிய வேண்டும் என்பதை யோசிக்கட்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, இரு சனத்துக்கும் பொதுவான மாலினி, நிர்மலா, இந்திராணி என்று வைத்துவிட்டுப் போகலாமே என்பார்கள். இது சோம்பேறிகளின் வாதமல்ல. 1977லும் 1981லும் 1983லும் இனக் கலவரங்களில் அடிபட்டவர்களின் வாதம். பஸ்ஸில் சோதனைக்கு அடையாள அட்டையை நீட்டும்போது பெயர் எவ்வளவு கனக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை, அவையும் நல்ல பெயர்கள்தான். ஆனால் 1981இல் இரத்தினபுரிப் பக்கத்து லயங்களுக்குத் தீ வைக்க வந்தவர்கள் பெயர்ப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு வரவில்லை. லயம் எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். பெயரை மறைத்து வாங்கும் பாதுகாப்புக்கு எல்லை உண்டு. அதற்காகப் பிடித்த பெயரைக் கைவிடத்தான் வேண்டுமென்று யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது.

இன்னொரு மறுப்பு யாழினி, கயல்விழி போன்ற பெயர்களைப் பற்றியது. சிங்களத்தில் ழகரம் இல்லையே, பிள்ளையின் பெயர் சிதையாதா? சிதையும். ஆனால் நம் லயங்களிலும் ழகரத்தை ளகரமாகத்தான் பலர் சொல்கிறோம். பதிவாளரை மட்டும் குறை சொல்வது எப்படி? சிங்களத்தில் இரண்டு லகரம் இருக்கிறது, வாயில் இரண்டும் ஒன்றுதான் என்றாலும் ளகரத்துக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில், கனிமொழிக்குத் தமிழ்நாட்டில் போடுவதுபோல் இசெட், எச் போடுவதா, இலங்கை வழக்கப்படி எல் போடுவதா என்றால் நான் எல்லின் பக்கம். இசெட்டைக் கண்டால் இங்கே வகுப்பில் பெயர் கூப்பிடுகிறவர் 'யாஸினி' என்று கூப்பிடக்கூடும். எல் போட்டால் 'யாலினி' வரும். அது நம் பிள்ளைக்கு அவ்வளவு அந்நியமில்லை.

பிறப்பைப் பதிய 42 நாள் தவணை இருக்கிறது. அதற்குள் ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று மொழியிலும் பெயரை எழுதுங்கள். சிங்களம் எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை போதும். பதிவாளரிடம் வாயால் சொல்லாதீர்கள், கடதாசியைக் கொடுங்கள். அவர் எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.