பக்கமும் திரையும்

ஏட்டின் அளவை எழுதியவன் தீர்மானிக்கவில்லை; பனையோலை தீர்மானித்தது. அச்சு நூலின் அளவைத் தாளின் மடிப்புத் தீர்மானித்தது. இன்றோ, மின்னூல் வாசிப்புக் கருவி வாங்கச் செல்லும் வாசகனே அளவைத் தேர்ந்துகொள்ள வேண்டியவனாகிறான். எத்தனை அங்குலத் திரை நல்லது என்னும் வினாவுக்கு, எதை வாசிக்கப் போகிறோம் என்பதே விடையாகும்.

மின்னூல்கள் இருவகைப்படும். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்றவை பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதித் தருகின்றன. அவ்வெழுத்துகள் நீரைப் போன்றவை. திரை சிறிதாயின் வரிகள் தாமே மடிந்து இடங்கொள்ளும். அவற்றுக்கு 6 அங்குலத் திரை போதும். பேருந்திலும் ஒரு கையில் தாங்கலாம்.

மற்றையது பக்கத்தின் படம். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் இவ்வடிவிலேயே கிடைக்கின்றன. படம் மடியாது, சுருங்க மட்டுமே செய்யும். திரையின் அளவு மூலைக்கு மூலை கணிக்கப்படுவதால், 6 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 4.8 அங்குலமே. 8.5 அங்குல உயரமுள்ள டெமி அளவுப் பக்கம் அதில் அடங்கும்போது எழுத்துப் பாதியளவினதாகிறது, அடிக்குறிப்போ புள்ளிகளாகிறது. 10.3 அங்குலத் திரையில் அதே பக்கம் ஏறக்குறைய முழு அளவிற் தோன்றும். பழைய செய்தித்தாளுக்கு அதுவும் போதாது; பகுதி பகுதியாகப் பெருப்பித்தே வாசிக்க வேண்டும்.

இது வெறும் வசதி பற்றிய பேச்சன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடங்களில் எஞ்சியவற்றைத் தேடிப் படமாக்கிக் காத்திருக்கின்றனர். ஆயின் காத்தல் வேறு, கற்றல் வேறு. மூன்று அங்குல அகலமும் இல்லாத கைத்தொலைபேசியில் ஒவ்வொரு வரியையும் இடமும் வலமும் இழுத்து வாசிக்கும் மாணவன் மூன்றாம் பக்கத்திலேயே சோர்ந்துவிடுகிறான். தீயிற் தப்பிய நூல் திரையில் தோற்றுப்போகிறது.

பெரிய திரைக்கு விலை மிகுதி என்பது உண்மையே. ஆனால், யாழ்ப்பாணத்துக் கிராமங்கள் இதற்கொரு வழியை முன்னரே கண்டவை. ஒவ்வொரு வீட்டாலும் நாளிதழ் வாங்க இயலாத காலத்தில், சனசமூக நிலையத்து மேசையில் ஒரே இதழை ஊரே வாசித்தது. அத்தகைய மேசைகளிலும் பல்கலைக்கழகத் துறைகளின் வாசிப்பறைகளிலும் ஒரு பெரிய திரை பொதுவாக இருக்குமாயின், சட்டைப் பைக்குச் சிறிய திரையே போதுமானதாகும்.