நீர்வேலியில் ஒரு வேம்பு

புரட்டாசி மாதக் கடைசியில் இரண்டு நாள் லீவு கிடைத்ததும் கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறினேன். யாழ்ப்பாணத்தில் இறங்கி, பருத்தித்துறை வீதி வழியாகக் கோப்பாயைத் தாண்டியதும் செம்மண்ணும் வாழைத் தோட்டங்களும் தொடங்கிவிட்டன. ஒழுங்கைகளில் பூவரசங்குழை கட்டுக்கட்டாகக் கிடந்தது. மாரிக்கு முன் வீட்டின் மேல் சாய்ந்த கொப்புகளை வெட்டி, குழையை ஆட்டுக்குப் போடுவதும் தோட்டத்தில் தாழ்ப்பதும் இங்கே பழைய வழக்கம்.

பெரியம்மாவின் கூரைக்கு மேலேயும் ஒரு வேம்பு. அதை வெட்ட வந்தவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். கூடவே அவரது மனைவி, தோளில் கயிற்றுச் சுருளுடன்.

"ஏன் அக்கா, நீங்களும் வெய்யிலுக்கை நிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"இவர் மேலை நிண்டால் நான் கீழை நிப்பன் பிள்ளை. அதுதான் எங்கடை ஒப்பந்தம்."

அந்த ஒப்பந்தத்தின் கதையைத் தேநீர் குடிக்கும்போது சொன்னார். அவரது தம்பி, மழை விட்ட கையோடு ஆட்டுக்குக் குழை வெட்டத் தனியாக மாமரத்தில் ஏறியிருக்கிறார். ஈரப் பட்டையில் கால் வழுக்கிவிட்டது. விழுந்தவரை நாலு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்களாம். இன்று அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

"விழுந்ததாலை போச்சுதோ, தூக்கினதாலை போச்சுதோ தெரியாது. நானும் ஒரு காலைப் பிடிச்சனான். இப்ப எண்டால் அசைக்காமல் வைச்சுக்கொண்டு 1990க்கு அடிப்பன்."

பிறகு வேலை தொடங்கியது. ஐயா உடனே ஏறவில்லை. மரத்தைச் சுற்றி வந்து பொந்து, கறையான், பட்ட கொப்பு, குளவிக்கூடு எல்லாம் பார்த்தார். ஏணியின் தலையை மரத்தோடு கட்டினார். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டியை அணிந்துகொண்டார். முன்பு இடுப்பில் வெறும் கயிறுதானாம். அது விழுகிறவரின் வயிற்றை நெரித்துவிடும். மாதர் சங்கத்தில் எடுத்த முதல் கடனில் ஆடு, இரண்டாவதில் இந்தப் பட்டி என்றார் அக்கா.

பட்டியில் இரண்டு கயிறுகள். ஒன்றைக் கழற்றி மேலே மாட்டும்போது மற்றது மரத்தைப் பிடித்திருக்கும். வாளை அவர் கொண்டு ஏறவில்லை. மேலே போய் நிலைகொண்ட பிறகு அக்கா கயிற்றில் கட்டி அனுப்பினார். பெரிய கொப்பை முதலில் அடியில் கொஞ்சம் அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தார். மேலிருந்து மட்டும் அறுத்தால் பட்டை உரிந்து, கொப்பு ஆளின் பக்கம் வீசி வருமாம். அந்தக் கொப்பைத் தாங்கிய கயிற்றை அக்கா அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மெல்ல மெல்ல விட்டார். "கையிலை சுத்தினால் கையும் போகும்." ஒரு ஓடுகூட உடையவில்லை. நான் செய்த உதவி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வளவுக்குள் வராமல் மறித்ததுதான்.

மிஞ்சியது ஒரே கொப்பு. அது ஒழுங்கைப் பக்கம், மின்கம்பியை உரசிக்கொண்டு நின்றது. "அதையும் ஒரு வெட்டு வெட்டிவிடன்" என்றார் பெரியம்மா. ஐயா அக்காவைப் பார்த்தார்.

"இல்லை மாமி. கறண்ட் நிப்பாட்டாமல் அதிலை கை வைக்க விடமாட்டன். பச்சைக் கொப்பு, அலுமினிய ஏணி எல்லாத்தாலும் கறண்ட் வரும். முந்தி ஏறிப் பழகின காலத்திலை இந்த ஒழுங்கையிலை கறண்டே இல்லை. அந்தப் பழக்கத்திலை இப்பவும் ஏறினால் எப்பிடி?"

எனக்கும் நினைவு வந்தது. தொண்ணூறுகளில் இதே வளவில் விளக்கு வைத்துத்தான் படித்தோம்.

பெரியம்மா முணுமுணுத்தபடி கூலியில் இருநூறு ரூபாவைக் குறைத்துக் கொடுத்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கேற்றடியில் அக்காவின் கையில் அந்த இருநூறைத் திணித்தேன். "மின்சாரக் கந்தோருக்கு நீங்கள் அறிவியுங்கோ பிள்ளை. அவை வந்து நிப்பாட்டின அண்டைக்கு நாங்கள் வாறம்" என்று சொல்லி, குழைக்கட்டைச் சைக்கிளில் ஏற்றினார்.

மறுநாள் காலை கந்தோரில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கொழும்பு பஸ்ஸைப் பிடித்தேன்.